‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’: வான்கோவின் ஓவியத்தைப் படிப்படியாகப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நெதர்லாந்தின் வடக்கு பிராபண்ட் மாகாணத்தில் உள்ள நூனன் என்னும் சிற்றூரில், 1885ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், வின்சென்ட் வான்கோ ஒரு குடியானவர் குடும்பத்தின் இரவுணவைத் தைல வண்ணத்தில் தீட்டினார். அப்போது அவருக்கு வயது 32. ஓவியராவது என்று முடிவெடுத்து ஐந்து ஆண்டுகள்கூட முழுமையாக ஆகியிருக்கவில்லை. ‘சூரியகாந்திப் பூக்க’ளும் ‘விண்மீன் இரவு’ம் வழியாக வான்கோவை அறிந்தவர்கள் இந்த ஓவியத்தை முதன்முதலில் பார்க்கும்போது பெரும்பாலும் ஏமாற்றம் அடைகிறார்கள். படம் இருண்டு கிடக்கிறது, முகங்கள் கரடுமுரடாக இருக்கின்றன, உடல்கள் அளவில் பொருந்தவில்லை. அந்த ஏமாற்றத்தோடு பக்கத்தைத் திருப்பிவிடுபவர்களுக்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். மனித உருவங்களை உள்ளபடி வரையாமல், உணர்வின் பொருட்டு அவற்றை மாற்றி வரையும் ஓவிய முறையைக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. இந்த ஓவியத்தைப் பொறுத்தவரை நமக்குள்ள பெரும்பேறு, தீட்டியவரே அதன் ஒவ்வொரு கட்டத்தையும் தம் கடிதங்களில் எழுதி வைத்திருப்பதாகும்.

தொடங்கும் முன்

ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகத்தில் மூல ஓவியம் இருக்கிறது. அங்கே செல்ல இயலாதவர்கள், அந்த அருங்காட்சியகம் தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கும் பெரிய அளவுப் படத்தைப் பயன்படுத்த வேண்டும். இணையத்தில் உலவும் மற்ற நகல்கள் பலவற்றில் இருட்டுப் பகுதிகளை யாரோ செயற்கையாக வெளுப்பாக்கியிருக்கிறார்கள். சிலவற்றில் படம் முழுவதும் பழுப்பாகவும், சிலவற்றில் பச்சையாகவும் தெரிகிறது. கைப்பேசியின் சிறு திரையும் இதற்குப் போதாது. கணினித் திரையில், அறை விளக்குகளைக் குறைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. முதல் அரை மணி நேரம் எந்த விளக்கத்தையும் படிக்காமல் படத்தை மட்டும் பார்ப்பவர்கள், பிறகு படிக்கும் எதையும் இன்னும் கூர்மையாகப் புரிந்துகொள்வார்கள் என்பது என் அனுபவம்.

முதல் படி: அளவையும் சுற்றுப்புறத்தையும் அமைத்துக்கொள்வது

ஓவியத்தின் உயரம் 82 சென்டிமீட்டர், அகலம் 114 சென்டிமீட்டர். உங்கள் வீட்டுச் சுவரில் இந்த அளவை நூலாலோ ஒட்டுநாடாவாலோ குறித்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு சிறிய சாப்பாட்டு மேசையின் பரப்பு அது. அந்தப் பரப்புக்குள் ஐந்து பேர், ஒரு மேசை, ஒரு தொங்குவிளக்கு, கூரை விட்டங்கள், ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு சமயப் படம் ஆகிய அனைத்தும் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்திருக்கின்றன என்பதை மனத்தில் நிறுத்தினால், அந்தக் குடிசையின் நெருக்கடி நமக்கு உடனே விளங்கிவிடும்.

அடுத்து, படத்தைச் சுற்றி என்ன நிறம் இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் படத்துக்குப் பொன்னிறச் சட்டம் வேண்டும், இல்லையென்றால் முற்றிய கோதுமை நிறத்தில் காகிதம் ஒட்டிய சுவரில் இதை மாட்ட வேண்டும் என்று வான்கோ வலியுறுத்தியிருக்கிறார். மங்கிய பின்னணியிலோ கறுத்த பின்னணியிலோ இதைப் பார்க்கவே கூடாது என்பது அவருடைய கருத்து. இதை ஓவியரின் வீண் பிடிவாதம் என்று ஒதுக்க வேண்டாம். ஒரு நகலை அச்சிட்டு, முதலில் வெள்ளைத் தாளின்மீதும் பிறகு ஆழ்ந்த மஞ்சள் தாளின்மீதும் வைத்துப் பாருங்கள். வெள்ளையின்மீது சேறு போலத் தோன்றும் நிழல்கள், மஞ்சளின்மீது நீலமும் பச்சையும் கலந்த ஆழத்தைப் பெறுவதைக் கண்ணாலேயே காணலாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் இந்த ஓவியத்தின் நிறத்தைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாம் படி: விளக்கிலிருந்து தொடங்கி ஒளியைப் பின்தொடர்வது

கண்ணை மேலே தொங்கும் எண்ணெய் விளக்கில் நிறுத்துங்கள். படத்தில் ஒளி தருவது அது ஒன்றுதான். அங்கிருந்து ஒளி எங்கெங்கே விழுகிறது என்று பின்தொடர்ந்தால், பெண்களின் வெள்ளைத் தலைக்கட்டுகள், நெற்றிகள், கன்ன எலும்புகள், விரல் கணுக்கள், கோப்பைகளின் விளிம்புகள், நடுவில் இருக்கும் உருளைக்கிழங்குத் தட்டு என்று அது ஒரு வட்டமாகச் சுற்றி வருவதைக் காண்பீர்கள். மேசைக்கு வெளியே அது விரைவில் தேய்ந்துவிடுகிறது. சுவரில் உள்ள கடிகாரத்தையும் கிறிஸ்துவின் படத்தையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

முன்னால் நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் சிறுமியை இப்போது பாருங்கள். முழுப் படத்திலும் மிகவும் துணிச்சலான முடிவு அவளை அங்கே நிறுத்தியதுதான். விளக்குக்கும் நமக்கும் நடுவில் அவள் நிற்பதால் அவள் உருவம் இருண்டு விடுகிறது. அவளைச் சுற்றி உருளைக்கிழங்கின் ஆவி ஒளியில் மிதக்கிறது. அவள் இல்லையென்றால் நாம் மேசையின் காலி இடத்தில் விருந்தாளியாக அமர்ந்துவிடலாம். அவள் நிற்பதால் அந்தக் குடும்பத்தின் வட்டம் மூடிக்கொள்கிறது. நாம் வெளியே நிற்கிறோம். நூனன் ஊரின் புராட்டஸ்டன்ட் போதகருடைய மகனாகிய வான்கோ, பெரும்பாலும் கத்தோலிக்கர்களான அந்தக் குடியானவர்களிடையே எந்த இடத்தில் நின்றாரோ, அந்த இடத்திலேயே நம்மையும் நிறுத்துகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் படி: கைகளில் நீண்ட நேரம் தங்குவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள். முகங்களை மறைத்துக்கொண்டு கைகளை மட்டும் பாருங்கள். இடப்புறத்தில் இருக்கும் ஆணும், அவனுக்கு அடுத்து அமர்ந்திருக்கும் இளம்பெண்ணும் தட்டை நோக்கிக் கைகளை நீட்டியிருக்கிறார்கள். வலப்புறத்தில் முதிய பெண் காப்பி ஊற்றுகிறாள். அவளருகே இருக்கும் முதியவர் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். விரல்கள் எலும்பும் கணுவுமாக, மண்ணிலிருந்து பிடுங்கிய வேர்களைப் போல முறுக்கிக்கொண்டிருக்கின்றன. உடலின் அளவோடு ஒப்பிட்டால் கைகள் பெரியவை.

1885 ஏப்ரல் இறுதியில் தியோவுக்கு எழுதிய கடிதத்தில் இதற்கான காரணத்தை வான்கோ நேரடியாகச் சொல்கிறார். சிறு விளக்கின் வெளிச்சத்தில் உருளைக்கிழங்கு உண்ணும் இந்த மனிதர்கள், தட்டில் இடும் அதே கைகளால்தான் நிலத்தைக் கிளறினார்கள் என்பதைப் பார்ப்பவர் உணர வேண்டும். படம் உடலுழைப்பைப் பற்றியும் அவர்கள் தம் உணவை நேர்மையாகச் சம்பாதித்ததைப் பற்றியும் பேச வேண்டும் என்று அவர் எழுதினார். குடியானவர் ஓவியத்தில் பன்றிக் கொழுப்பும் புகையும் உருளைக்கிழங்கின் ஆவியும் மணந்தால் அது கேடில்லை என்றும் அதே கடிதத்தில் குறிப்பிட்டார்.

இந்தச் சொற்களைப் படித்துவிட்டு மறுபடியும் கைகளுக்குத் திரும்பினால், விரல்களைப் பூசியிருக்கும் நிறமும் தட்டில் இருக்கும் கிழங்குகளின் நிறமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது புலப்படும். சொல்ல வந்த பொருள் நிறத்திலேயே இருக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு குறியீட்டை அவர் வைக்கவில்லை.

நான்காம் படி: பார்வைகள் எங்கே செல்கின்றன?

இப்போது முகங்களுக்கு வரலாம். இளம்பெண் இடப்புற ஆணைப் பார்க்கிறாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. முதியவர் காப்பி ஊற்றுபவளின் பக்கம் திரும்பியிருக்கிறார். அவளுடைய கண்களோ தாழ்ந்திருக்கின்றன. ஒருவர் பார்வையையும் மற்றவர் எதிர்கொள்வதில்லை. உருவங்களைத் தனித்தனியாகப் படித்துப் பிறகு ஒன்றுசேர்த்ததால் நேர்ந்த குறை இது என்று சிலர் கருதுவார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நாள் முழுவதும் வயலில் உழைத்துவிட்டு வந்தவர்கள் உணவின்போது எப்படி அமர்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அந்தக் குறையே படத்தின் உண்மையாக மாறிவிடுவதையும் மறுக்க முடியாது. நான் இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறேன்.

மாதிரியாக அமர்ந்தவர்கள் தெ குரூட் என்னும் குடும்பத்தினர். இளம்பெண் கோர்டினா தெ குரூட். அதே 1885ஆம் ஆண்டில் அவள் திருமணமாகாமல் கருவுற்றபோது ஊரார் பழியை வான்கோமீது சுமத்தினார்கள். அவர் அதை மறுத்தார். ஆனாலும் உள்ளூர்க் கத்தோலிக்கக் குரு, தம் சபையினர் அவருக்கு மாதிரியாக அமரக் கூடாது என்று தடுத்தார்.

இங்கே ஒரு நெருடலையும் சொல்லியாக வேண்டும். தட்டையான முகம், தாழ்ந்த நெற்றி, தடித்த உதடு உள்ளவர்களையே வான்கோ தேடித் தேர்ந்தெடுத்தார். அதைக் கடிதத்திலும் எழுதினார். குடியானவர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்னும் முன்முடிவு அதில் கலந்திருக்கிறது. அவருடைய பரிவு உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அது வெளியிலிருந்து வந்தவரின் பரிவு என்பதை மறக்காமல் முகங்களைப் பார்ப்பதே முறை.

ஐந்தாம் படி: நிறத்தைப் பிரித்து அறிவது

படம் பழுப்பும் கறுப்பும் என்று தோன்றினால், இன்னும் கண் பழகவில்லை என்று பொருள். இந்தக் காலத்தில் வான்கோ, பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவாவின் நிறக் கோட்பாடுகளைப் பற்றிக் கலை விமர்சகர் ஷார்ல் பிளாங் எழுதியவற்றை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தார். சிவப்புக்குப் பச்சையும், நீலத்துக்குச் செம்மஞ்சளும், மஞ்சளுக்கு ஊதாவும் எதிர்நிறங்கள். அவற்றை அருகருகே வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். கலந்தால் ஒன்றையொன்று அடக்கிச் சாம்பலாகும். ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ இந்த இரண்டாவது விளைவின்மீது கட்டப்பட்ட ஓவியம்.

பெண்களின் தலைக்கட்டில் இருக்கும் வெள்ளையை உற்றுப் பாருங்கள். அங்கே வெள்ளை வண்ணத்தை ஏறக்குறைய பயன்படுத்தவே இல்லை என்றும், வெர்மிலியன் சிவப்பு, பாரிஸ் நீலம், நேப்பிள்ஸ் மஞ்சள் போன்றவற்றைக் கலந்து கிடைத்த நடுநிலைச் சாம்பலே அது என்றும் வான்கோ விளக்கியிருக்கிறார். தனியாக எடுத்துப் பார்த்தால் அது அடர்ந்த சாம்பல். சுற்றிலும் இருப்பவை அதைவிட இருண்டிருப்பதால் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகிறது. கணினியில் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து வெள்ளைப் பின்னணியில் வைத்தால் அவர் சொன்னது சரியென்று ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

முகங்களின் நிறத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. முதலில் அவற்றைச் சதை நிறத்தில் கவனமாகத் தீட்டி முடித்திருந்தார். பிறகு மனம் ஒப்பாமல் தயக்கமின்றி அவற்றின்மேல் மீண்டும் தீட்டினார். இப்போது இருக்கும் நிறம், தோலுரிக்காத, நன்றாக மண் படிந்த உருளைக்கிழங்கின் நிறம் போன்றது என்று தியோவுக்கு எழுதினார். குடியானவர் வாழ்வைத் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் குடியானவர்கள் தாம் விதைக்கும் மண்ணாலேயே தீட்டப்பட்டவர்கள் போல இருக்கிறார்கள் என்னும் கூற்று அவர் மனத்தை விட்டு அகலாமல் இருந்தது. நன்றாக வந்த முகங்களை அழித்துவிட்டு மண் நிறத்துக்குப் போன அந்தக் கணத்தில்தான், பார்த்ததைப் பதிவுசெய்பவர் என்னும் நிலையிலிருந்து உணர்ந்ததைத் தீட்டுபவர் என்னும் நிலைக்கு வான்கோ வந்தார் என்று நான் நம்புகிறேன்.

ஆறாம் படி: ஓவியம் உருவான வழியில் நடந்து பார்ப்பது

இதற்குச் சற்றே அவருடைய வாழ்க்கையும் தேவை. 1853 மார்ச் 30 அன்று சுண்டர்ட் என்னும் ஊரில் பிறந்த வான்கோ, கூப்பில் என்னும் கலை வணிக நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு பெல்ஜியத்தின் போரினாஜ் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடையே சமயப் பணியாற்றினார். அதிலும் நிலைக்க முடியாமல் 1880இல் ஓவியத்துக்கு வந்தார். 1883 டிசம்பரில் நூனனில் இருந்த பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார். பாரிஸில் கலை வணிகராக இருந்த தியோ மாதந்தோறும் அனுப்பிய பணத்தில்தான் வண்ணமும் மாதிரிகளுக்கான கூலியும் கிடைத்தன. 1885 மார்ச் 26 அன்று தந்தை இறந்தார். ஓவியம் அதற்கு அடுத்த வாரங்களில் உருவானது.

உருவான வரிசை இதுதான். 1884-85 குளிர்காலம் முழுவதும் குடியானவர்களின் தலைகளை ஒவ்வொன்றாகத் தீட்டினார். ஐம்பது தலைகள் தீட்டுவது அவருடைய இலக்காக இருந்தது. அவற்றில் பல இன்றும் இருக்கின்றன. அவற்றை இந்தப் படியில் வரிசையாகப் பார்க்க வேண்டும். பிறகு மேசைக் காட்சிக்கு முன்னோட்டங்கள் வந்தன. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஒரு முன்னோட்டத்தில் நான்கு பேர் மட்டுமே இருக்கிறார்கள். ஒட்டர்லோவில் உள்ள கிரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தின் முன்னோட்டத்தில் காட்சி ஏறத்தாழ இறுதி அமைப்பை எட்டிவிடுகிறது. தூரிகை அங்கே இன்னும் வேகமாகவும் முரட்டுத்தனமாகவும் ஓடுகிறது. அதன் பிறகே இறுதிப் படத்துக்கான பெரிய கேன்வாஸில் கை வைத்தார். அதைப் பெரும்பகுதி நினைவிலிருந்தே தீட்டினார். குடிசைக்கு மீண்டும் மீண்டும் சென்று சரிபார்த்தும் கொண்டார்.

நினைவிலிருந்து தீட்டினார் என்பது இங்கே முக்கியம். எதிரில் மாதிரி இருக்கும்போது கண் சொல்வதைக் கை செய்கிறது. மாதிரி இல்லாதபோது, நூறு முறை வரைந்து மனத்தில் தங்கியது மட்டுமே கைக்கு வருகிறது. குளிர்காலத் தலைகள் இல்லாமல் அந்த நினைவு அவருக்கு வாய்த்திருக்காது.

படம் காய்ந்துகொண்டிருந்தபோது அதை ஐந்தோவனில் இருந்த நண்பர் ஒருவரின் வீட்டுக்கு எடுத்துச் சென்று முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசினார். தைல வண்ணத்தின் இருண்ட பகுதிகள் காயும்போது எண்ணெய் உள்ளிழுக்கப்பட்டுப் பொலிவிழப்பது உண்டு. அப்போது வெள்ளைக்கரு தற்காலிக மெருகாகப் பயன்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் படம் பெட்டியில் வைக்கப்பட்டு பாரிஸுக்குப் புறப்பட்டது. தியோ மறைந்த பிறகு அவருடைய மனைவி யோ வான்கோ-போங்கர் மற்றப் படங்களோடு இதையும் காப்பாற்றி வைத்திருந்தார்.

ஏழாம் படி: எதிர்த்தவரின் வாதத்தைக் கேட்பது

ஓவியத்தோடு கூடவே ஒரு கல்லச்சுப் படத்தையும் வான்கோ செய்தார். ஒரே நாளில், நினைவிலிருந்து, நேரடியாகக் கல்லின்மீது வரைந்தது அது. ஆகையால் அச்சில் இடமும் வலமும் மாறிவிட்டன. அதன் ஒரு பிரதியை நண்பரும் ஓவியருமான அந்தோன் வான் ரப்பார்டுக்கு அனுப்பினார். 1885 மே 24 அன்று வந்த பதில் இரக்கமற்றது. இப்படிப்பட்ட வேலையை அக்கறையோடு செய்ததாகக் கருத முடியாது. அந்தப் பெண்ணின் ஒயிலான சின்னக் கை எவ்வளவு பொய்யானது. அந்தக் காப்பிக் குடம் நிற்கவும் இல்லை, யாரும் பிடித்திருக்கவும் இல்லை, பின் என்னதான் செய்கிறது. வலப்புற மனிதனுக்கு முழங்காலும் வயிறும் நுரையீரலும் ஏன் இல்லை. அவன் கை ஏன் ஒரு மீட்டர் குட்டையாக இருக்கிறது. மூக்கில் பாதி எங்கே என்று ரப்பார்டு அடுக்கினார். அந்தக் கடிதத்தை வான்கோ அப்படியே திருப்பி அனுப்பினார். பல ஆண்டு நட்பு அதோடு முறிந்தது.

ரப்பார்டு பார்த்தது கல்லச்சை, ஓவியத்தை அல்ல. ஆனாலும் அவர் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு ஓவியத்தில் தேடிப் பாருங்கள். அச்சில் வலப்புறம் இருந்தவன் ஓவியத்தில் இடப்புறம் இருப்பான். அவன் கையின் நீளத்தைப் பற்றி ரப்பார்டு சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. அவனுடைய தோளுக்கும் முழங்கைக்கும் இடையே உடல் எங்கோ காணாமல் போகிறது. அது தெரிந்து செய்தது என்று நான் வாதிட மாட்டேன்.

ஆனால் சில வாரங்கள் கழித்து, 1885 ஜூலையில், தியோவுக்கு எழுதிய கடிதம் வேறொரு தளத்துக்குச் செல்கிறது. தம் உருவங்கள் பள்ளியில் கற்பிக்கும் வகையில் சரியாக இருந்தால் தாம் மனமுடைந்துபோவதாகவும், மைக்கேலாஞ்சலோவின் உருவங்களில் கால்கள் அளவுக்கு மீறி நீண்டிருந்தாலும் அவை வியப்புக்குரியவை என்றும் எழுதிவிட்டு, உண்மையை இப்படித் திருத்தியும் மாற்றியும் வரையக் கற்பதே தம் பேராசை, அவற்றைப் பொய் என்று சொன்னாலும் சரி, அவை சொல்லுக்குச் சொல் உண்மையாக இருப்பதைவிட அதிக உண்மையானவை என்றார். பிழையைச் சந்தித்த ஒருவர், எந்தப் பிழையை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று தேறத் தொடங்கும் இடம் இது. கைகளின் பருமன் வைத்துக்கொள்ள வேண்டிய மாற்றம். இடப்புற ஆணின் உடல் அப்படிப்பட்டதல்ல. இந்த இரண்டையும் பிரித்தறியும் பயிற்சியே இந்தப் படி.

எட்டாம் படி: உங்கள் கையால் செய்து பார்ப்பது

வரையும் பழக்கம் இல்லாதவர்களும் இதைத் தவிர்க்க வேண்டாம். மூன்று மாலைகள் போதும். முதல் மாலையில், அறையில் ஒரே ஒரு விளக்கை வைத்து, வீட்டில் வயது முதிர்ந்த ஒருவர் கோப்பையைப் பிடித்திருக்கும் கையைக் கரித்துண்டால் பத்து முறையாவது வரையுங்கள். இரண்டாம் மாலையில் யாரையும் உட்காரவைக்காமல், முந்தைய நாளின் படங்களையும் பார்க்காமல், அதே கையை வரையுங்கள். எந்தக் கணு பெருத்திருக்கிறது, எந்த விரல் நீண்டிருக்கிறது என்று ஒப்பிட்டால், உங்கள் மனம் எதை முக்கியமாக வைத்துக்கொண்டது என்பது தெரியும்.

மூன்றாம் மாலை வண்ணத்துக்கு. காட்மியம் சிவப்பு, பிரஷ்யன் நீலம், நேப்பிள்ஸ் மஞ்சள் ஆகிய மூன்று தைல வண்ணங்கள் மட்டும் போதும். பாரிஸ் நீலம் என்பதும் பிரஷ்யன் நீலமே. அசல் வெர்மிலியன் பாதரசம் கலந்தது என்பதால் அதற்குப் பதிலாகக் காட்மியம் சிவப்பைச் சொல்கிறேன். அதையும் உணவுப் பொருள்களிடமிருந்து விலக்கி வைத்து, முடிந்ததும் கைகளை நன்றாகக் கழுவ வேண்டும். பிரஷ்யன் நீலம் மிக வீரியமானது. மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். எனவே அதை ஊசிமுனை அளவில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். முதல் பூச்சைக் கரைப்பான் கலந்து மெலிதாகவும், மேற்பூச்சுகளை எண்ணெய் மிகுத்துத் தடிப்பாகவும் இடுங்கள். மாற்றிச் செய்தால் மேற்பரப்பு பின்னர் வெடிக்கும். வெள்ளைக் குப்பியைத் திறக்காமலேயே கையின்மீது ஒளி விழும் இடத்தைத் தீட்ட முயலுங்கள். சுற்றிலும் எவ்வளவு இருட்டைக் கொண்டுவந்தால் அந்தச் சாம்பல் ஒளியாக மாறுகிறது என்பதைக் கண்டுகொள்ளும்போது, நூனனில் அவர் செய்தது எவ்வளவு கடினமான வேலை என்பது விரல்களுக்கே விளங்கும்.

ஒன்பதாம் படி: கடைசியாகப் பார்க்க வேண்டிய சில தாள்கள்

1887 இலையுதிர்காலத்தில், பாரிஸில் வண்ணங்கள் வெளுத்து ஒளிரத் தொடங்கிவிட்ட பிறகும், நூனனில் தீட்டிய உருளைக்கிழங்கு உண்ணும் குடியானவர்களின் படமே தாம் செய்தவற்றுள் சிறந்தது என்று தங்கை வில்லமினுக்கு வான்கோ எழுதினார். 1890 ஏப்ரலில், பிரான்சின் தெற்கே சான்-ரேமியில் இருந்த மனநல விடுதியிலிருந்து எழுதியபோது, அந்தப் படம் இதற்குள் முற்றிலும் கறுத்திருக்கும், நினைவிலிருந்தே அதை மீண்டும் தீட்டலாமா என்று எண்ணுகிறேன் என்று குறிப்பிட்டு, பழைய வரைபடங்களை அனுப்பச் சொன்னார். மேசையைச் சுற்றி அமர்ந்து உண்பவர்களைப் பென்சிலில் சில தாள்களில் அப்போது வரைந்தும் பார்த்தார். மூன்று மாதங்களுக்குப் பிறகு, ஜூலை 29 அன்று பாரிஸுக்கு அருகிலுள்ள ஓவேர் என்னும் ஊரில் இறந்தார். புதிய ஓவியம் தீட்டப்படவே இல்லை. அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அந்தப் பென்சில் தாள்கள் கிடைக்கின்றன. அவற்றைத் திறந்து, 1885இன் படத்துக்கு அருகில் வைத்து, மறுபடியும் கைகளிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.